கூடவே நரைத்தவள்

என் பேருந்தில் நாற்பத்து நான்கு இருக்கைகள். யோங் பெங்கில் மூன்று குடியிருப்புகளைச் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு, பத்து பகாட் போகும் சாலையில் இருக்கும் மரச்சாமான் தொழிற்சாலையில் காலை ஏழு மணிக்குள் இறக்கிவிட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் வேலை. நாற்பத்து நான்கு இருக்கை இருந்தாலும் நாற்பத்து மூன்று பேருக்குத்தான் இடம். வலப்பக்கம் மூன்றாவது வரிசை ஜன்னலோரம் கிருஷ்ணம்மாவுக்கு. அவளுக்குப் பக்கத்து இருக்கை, செத்துப்போன அவள் அக்கா வெள்ளையம்மாவுக்கு.

சிரிக்க வேண்டாம். நான் சிரித்துப் பார்த்துவிட்டேன், கத்தியும் பார்த்துவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒருமுறை புதிதாக வேலைக்கு வந்த நேப்பாளத்துக்காரர் ஒருவர் விவரம் தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டார். கிருஷ்ணம்மா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொழிற்சாலை வரைக்கும் நின்றபடியே வந்தாள். அந்த மனிதருக்குத் தாங்கவில்லை. மறுநாளிலிருந்து அவரே மற்றவர்களை அந்தப் பக்கம் விடுவதில்லை.

"செத்தவளுக்கு எதுக்குச் சீட்டு? பாஸ் எடுத்திருக்காளா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்பேன். "ரோட்டப் பார்த்து ஓட்டுங்க டிரைவரே" என்பாள். வண்டியில் எல்லாரும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். நேப்பாளத்துக்காரர்களும் அண்ணே என்றே பழகிவிட்டார்கள். அவள் ஒருத்திதான் டிரைவர். அண்ணன் என்று கூப்பிட முடியாத காரணம் ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அவளை ஒரு காலத்தில் நான் பெண் கேட்டுப் போனவன்.

கிருஷ்ணம்மாவும் வெள்ளையம்மாவும் இரட்டைப் பிள்ளைகள். பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். நானும் அதே தோட்டம்தான், லயம் என்கிற வரிசை வீடுகளில் இரண்டு லயம் தள்ளி வீடு. பேரை வைத்து ஒருத்தி சிவப்பு, ஒருத்தி கறுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் நல்ல கறுப்பு. பத்து நிமிடம் முந்திப் பிறந்தவள் வெள்ளையம்மா. பெற்ற தாயே விளக்கு வெளிச்சத்தில் ஆள் மாற்றி அடித்திருக்கிறாள். எனக்கு மட்டும் அடையாளம் தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவள் வெள்ளையம்மா, காதில் விழாத மாதிரி போகிறவள் கிருஷ்ணம்மா. நான் போகிறவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். புத்தி அப்படி.

இருவரும் பால்மரம் வெட்டினார்கள், ரப்பர் பாலுக்குப் பட்டை சீவுகிற வேலை. விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில் கணக்குப்பிள்ளையான கிராணி பேர் படித்து ஆள் கணக்கு எடுப்பார். அந்த மங்கல் வெளிச்சத்தில் இந்த இரண்டு பேரையும் கண்டுபிடிக்க அவரால் ஆகாது. அதில் அவர்களுக்கு ஒரு வசதி. ஒருத்திக்கு உடம்புக்கு முடியாவிட்டால் மற்றவள் முன்வரிசையில் ஒருமுறை பேர் கொடுப்பாள். பிறகு பின்னால் போய்த் தலைத்துணியை மாற்றிக் கட்டிக்கொண்டு இன்னொரு முறை கொடுப்பாள். அப்புறம் ஆளுக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரை இரண்டையும் ஒருத்தியே ஓட்டமும் நடையுமாக வெட்டி முடிப்பாள். தோட்டத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

எண்பத்து மூன்றாம் வருடம் அக்டோபரில் கிருஷ்ணம்மாவுக்குக் காய்ச்சல். வெள்ளையம்மா இரண்டு தடவை பேர் கொடுத்தாள். தன் நிரையை வெட்டி, பாலையும் எடுத்துவிட்டாள். அப்போது காற்று எழுந்து, மழை இருட்டிக்கொண்டு வந்தது. எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். அவள் மட்டும் தங்கச்சி நிரையில் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் இருக்கும் பால் மழையில் வீணாகிவிடும் என்று திரும்பிப் போனாள். அந்த நிரையில் எல்லாம் கிழட்டு மரங்கள். காற்றில் ஒரு கிளை முறிந்து அவள் மேல் விழுந்தது. நாங்கள் நான்கு பேர் தூக்கி வந்தோம். அவளுக்குப் பத்தொன்பது வயது.

காய்ச்சலோடு படுத்திருந்த கிருஷ்ணம்மா எழுந்து வந்து பார்த்தாள். அழவில்லை. "அது என் நெரை" என்று மட்டும் சொன்னாள். எடுத்துப் போகும்வரை அதையே சொல்லிக்கொண்டு இருந்தாள்.

கல்யாணமாகாமல் செத்த பெண்ணை எங்கள் ஆட்கள் சும்மா விடுவதில்லை. அவள் அந்த வீட்டுக்குக் கன்னிச்சாமி. ஓலைப்பெட்டி ஒன்றில் புதுச்சேலை, கண்ணாடி வளையல், சீப்பு, பொட்டு எல்லாம் வைத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை இறக்கி, படையல் போட்டு, புதுச்சேலை மாற்றுவார்கள். போன வருடத்துச் சேலையை அந்த வீட்டில் பிறந்த பெண் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் பிறந்த பெண் என்றால் மிச்சம் கிருஷ்ணம்மா ஒருத்திதான். ஆக, நாற்பது வருடமாக அவள் தனக்கென்று கடையில் ஒரு சேலை எடுத்ததில்லை. அக்காவுக்குத்தான் எடுப்பாள். அக்கா ஒரு வருடம் வைத்திருந்து கொடுத்ததைக் கட்டுவாள். கிளிப்பச்சை, குங்குமச் சிவப்பு, மாம்பழ மஞ்சள் என்று பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு எடுத்த நிறங்கள். அவற்றைக் கட்டிக்கொண்டு தைப்பூசத்துக்கு வரும்போது பெண்கள் முந்தானைக்குள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

எண்பத்து ஒன்பதில் எனக்கு இருபத்தேழு வயது. லாரி ஓட்டினேன், கையில் கனரக லைசன்ஸ் இருந்தது, தலையில் கனம் அதைவிட அதிகம். பெண் கேட்டுப் போனோம். அவள் அப்பாவுக்குச் சம்மதம், அண்ணன் ஜெயபாலனுக்கும் சம்மதம். கன்னியிடம் மட்டும் உத்தரவு கேட்க வேண்டும் என்றார்கள். நல்ல காரியத்துக்கு முன்னால் அவளிடம் கேட்காமல் அந்த வீட்டில் உலை வைக்க மாட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை போய் உட்கார்ந்தோம். பெட்டியை இறக்கினார்கள். செம்பில் தண்ணீர் நிரப்பி, செம்பின் வயிற்றில் சந்தனத்தை அப்பி, அதில் ஒரு செவ்வரளிப் பூவை ஒட்டவைத்தார்கள். முன்னால் கற்பூரம். கற்பூரம் அணைவதற்குள் பூ கீழே விழுந்தால் சம்மதம். விழாவிட்டால் இல்லை. கேள்வி கிருஷ்ணம்மாவைப் பற்றியது என்பதால் அவள் செம்புக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். மற்றவர்கள் கண்ணை மூடிக் கும்பிட்டோம். கண்ணைத் திறந்தபோது கற்பூரம் அணைந்திருந்தது. பூ அப்படியே இருந்தது.

அவள் அப்பாவுக்கு என் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நான் எழுந்து வாசலில் நின்று, ஒரு செத்த பெண்ணை என்னவெல்லாம் சொல்லக் கூடாதோ அதையெல்லாம் சொன்னேன். தனக்குக் கிடைக்காததைத் தங்கச்சிக்கும் கிடைக்கவிடாதவள் என்றேன். கிருஷ்ணம்மா பெட்டியை மறுபடி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து பிரேமலாவைக் கட்டினேன். நல்லவள், என்னை மாதிரி வாய்க்காரனோடு இருபத்துமூன்று வருடம் இருந்ததே பெரிய விஷயம். லோஷினி பிறந்தாள். பிரேமலா போய் ஒன்பது வருடம் ஆகிறது. லோஷினி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமை வருவாள்.

அதற்குள் தோட்டம் கைமாறி, மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டு, லயங்களை இடித்துவிட்டார்கள். அவள் அப்பா செத்துப்போனார், ஜெயபாலன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்குப் போய், அங்கேயே ஒரு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். கிருஷ்ணம்மா யோங் பெங்கில் ஒரு மலிவுவிலை வீட்டை வாங்கினாள். தொழிற்சாலையில் நாற்காலிக் கால்களுக்கு உப்புத்தாள் தேய்க்கும் வேலை. நான் பேருந்து ஓட்ட வந்த முதல் நாள் என் வண்டியில் ஏறியவர்களில் அவளும் ஒருத்தி. என்னைப் பார்த்தாள். படியில் ஒரு நொடி நின்றாள். பிறகு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவள் இன்னும் அவளைச் சுமந்துகொண்டு திரிகிறாளே என்று.

இனிச் சொல்லப் போவதை நம்புகிறவர்கள் நம்பலாம். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறேகால் மணி, இன்னும் சரியாக வெளுக்கவில்லை. கிருஷ்ணம்மா வீட்டுச் சந்து முனையில் நிறுத்தினேன். அவள் இல்லை. ஒருநாளும் தாமதித்தவள் இல்லை. இரண்டு தடவை ஹாரன் அடித்தேன். தெருவிளக்குக்குக் கீழே, அவள் வீட்டு வாசலில், அவள் நிற்பது தெரிந்தது. வேலைக்குப் போகிற டி-சட்டையில் இல்லை, கிளிப்பச்சையில் ரோஸ் கரை போட்ட சேலையில் இருந்தாள். தலை முழுக்க நரை, பின்னாமல் விட்டிருந்தாள். கோவிலுக்குப் போகிறவள் முதல் நாளே சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கு எரிச்சல். அவள் கையை நீட்டி என்னை வா என்று கூப்பிட்டாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

வைதுகொண்டே இறங்கினேன். வண்டியில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், இவளுக்கு என்ன ராஜ உபசாரம் என்று. கம்பிக் கதவு திறந்திருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே போனால், குளியலறை வாசலில் கிருஷ்ணம்மா விழுந்து கிடந்தாள். தொழிற்சாலை டி-சட்டை. முடி இறுக்கிக் கட்டிய கொண்டை. உடம்பு சில்லிட்டு, வேர்வையில் நனைந்திருந்தது. இப்போதுதான் விழுந்தவள் மாதிரி தெரியவில்லை. அப்படியென்றால் வாசலில் நின்றது யார் என்று யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை.

அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றினேன். அக்காவின் இருக்கையையும் சேர்த்து இரண்டிலும் படுக்கவைத்தோம். நாற்பது பேரோடும் பேருந்தைக் கிளினிக்குக்கு ஓட்டினேன். தொழிற்சாலைக்கு ஒரு மணி நேரம் தாமதம், சூப்பர்வைசர் போனில் குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கிளினிக்கில் ஊசி போட்டு, ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கிருஷ்ணம்மா சர்க்கரை நோய்க்காரி. அக்காவுக்காக ஆடி வெள்ளி விரதம் இருந்துகொண்டு, சர்க்கரை மாத்திரையையும் தவறாமல் விழுங்கியிருக்கிறாள். இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் மலாய்க்கார டாக்டரம்மா. இந்தத் தப்பை அவர் ஆட்கள் நோன்பு மாதத்தில் செய்வார்கள், எங்கள் ஆட்கள் ஆடியில் செய்கிறார்கள் என்றும் சொல்லி என்னையே முறைத்தார்.

மறுநாள் பார்க்கப் போனேன். ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. நான் எப்படி உள்ளே வந்தேன் என்று கேட்டாள். நீதானே கூப்பிட்டாய் என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கையில் ஊசி இருப்பதுகூட நினைவில்லை.

"என்ன சேலை?"

"கிளிப்பச்ச. ரோஸ் கர."

"அது பெட்டில இருக்கு. இந்த வருஷம் எடுத்தது. யாருக்கும் நான் காட்டல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "தலை? தலை எப்படி இருந்துச்சு?"

"நரைச்சிருந்துச்சு. ஒன்ன மாதிரிதான். ஒன்னவிடக் கொஞ்சம் கூடவே."

"மொகம்?"

"கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழ சுருக்கம். அதனாலதான் நீயின்னு நெனச்சேன்."

கிருஷ்ணம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா செத்த அன்றைக்கு அழாதவள், அந்த வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்க அழுதாள். நாற்பது வருடத்தில் அவள் ஒருநாள்கூட வெள்ளையம்மாவைக் கண்ணால் பார்த்ததில்லையாம். பக்கத்தில் இருப்பது தெரியும், அவ்வளவுதான். பத்தொன்பது வயதிலேயே நின்றுவிட்டாள் என்றே நினைத்திருக்கிறாள். தான் மட்டும் வயதாகி, பல் விழுந்து, அவள் வாழ வேண்டியதையும் சேர்த்துத் தின்றுகொண்டிருக்கிறோம் என்று ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உள்ளுக்குள் செத்திருக்கிறாள். செத்தவள் வயதை நிறுத்திக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தங்கச்சி தனியாகக் கிழவியாகக் கூடாதென்று கூடவே நரைத்திருக்கிறாள். அவளைத்தான் நான் முப்பத்து நான்கு வருடம் ஏசிக்கொண்டு இருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்தச் சேல அவளுக்கு நல்லா இருந்துச்சா?"

"இல்ல. கண்றாவியா இருந்துச்சு."

சிரித்துவிட்டாள். இனிமேல் சாம்பல் நிறத்தில் எடுக்கிறேன் என்றாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவள் வீடு திரும்பிய பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனேன். எனக்கு அறுபத்தொன்று, அவளுக்கு ஐம்பத்தொன்பது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, தெரிந்ததுதான். ஆனால் அவள் மறுபடி விழுந்தால் வாசலில் நின்று கூப்பிட ஆள் இருக்கிறது, தூக்க ஆள் இல்லை. அதையே சொல்லி, மறுபடியும் கேட்கிறேன் என்றேன். வேண்டுமானால் உன் அக்காவிடம் உத்தரவு கேள், இந்தத் தடவை நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றேன்.

அவள் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அவகிட்ட கேக்க வேண்டியது இல்ல. அவ அன்னிக்கே சரின்னு சொல்லிட்டா."

எனக்குப் புரியவில்லை.

"கற்பூரம் பத்தவெச்ச ஒடனே பூ விழுந்துச்சு. நீங்கல்லாம் கண்ண மூடியிருந்தீங்க. நான்தான் எடுத்துத் திரும்ப ஒட்டவெச்சேன்."

காரணத்தையும் அவளே சொன்னாள். கல்யாணம் முடிந்ததும் பெட்டியை ஆற்றில் விட்டுவிடலாம் என்று ஜெயபாலனும் அப்பாவும் முந்தின இரவு பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறாள். ஜெயபாலன் மனைவிக்குக் கன்னிப் பெட்டி என்றாலே பயம், விளக்கு வைக்க மாட்டாள். கன்னி பிறந்த குலத்து வீட்டில்தான் இருப்பாள், இன்னொரு குலத்து வாசல்படி ஏற மாட்டாள். ஆக, இவள் என்னைக் கட்டிக்கொண்டு வந்தால் அக்கா பெக்கோக் ஆற்றில் போக வேண்டும். தன் நிரையில் போய்ச் செத்தவளைத் தண்ணீரில் தள்ளிவிட்டுப் பூவைத்துப் பொட்டுவைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. இப்போதும் பதில் அதேதான் என்றாள். முன்னேயாவது அக்காவைச் சின்னப்பெண் என்று நினைத்திருந்தேன், இப்போது வயதானவள் என்று தெரிந்த பிறகு எப்படித் தனியாக விடுவது என்று கேட்டாள்.

நான் தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் பேசவில்லை. அவள் வேலைக்குத் திரும்பினாள், ஏறினாள், உட்கார்ந்தாள், இறங்கினாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். முப்பத்து நான்கு வருடம் ஒருத்தி மேல் வைத்திருந்த கோபத்தைத் திடீரென்று அங்கிருந்து எடுத்து இன்னொருத்தி மேல் வைக்கச் சொன்னால் எப்படி? வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. அன்றைக்கு அந்தப் பூ விழுந்து கிடந்திருந்தால் எனக்குப் பிரேமலா இல்லை, லோஷினி இல்லை. அதை நினைத்தால் கோபம் வர மறுத்தது. வராததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. நான் பிரேக் போடும் விதத்தைப் பார்த்துவிட்டு நேப்பாளத்துக்காரர்கள், அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

லோஷினி சனிக்கிழமை வந்தவள், நான் தட்டை வைக்கிற சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா இடத்தில் இன்னொருத்தியா என்று முகம் சுளிப்பாள் என்று பயந்தேன். அவள் சாம்பாரில் முருங்கைக்காயை உறிஞ்சிக்கொண்டே, "அந்த ஆன்ட்டி ஒங்கள வேணாம்னு சொல்லலையேப்பா. அக்காவ விடமாட்டேன்னுதான சொன்னாங்க. ரெண்டும் வேற வேற லா" என்றாள்.

அந்த ராத்திரி படுக்கையில் புரண்டேன். மறுநாள் காலை பேருந்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வழி தானாக வந்தது. வந்ததும் முதலில் எனக்கே சிரிப்பு வந்தது, பிறகு கூச்சம். எங்கள் ஆட்களில் ஆண்பிள்ளைக்கு இதைவிடக் கேவலம் கிடையாது. சோற்றுக்கு வழியில்லாதவன், முதுகெலும்பு இல்லாதவன் என்று பெயர் வாங்குகிறவர்கள் செய்கிற வேலை. எனக்கோ சொந்த வீடு இருக்கிறது. அதன் முன்கூரையை நானே சிமெண்டு குழைத்துப் போட்டேன்.

துணியை வாளியில் போட்டுவிட்டு நேராகப் போனேன். கிருஷ்ணம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய் உட்காரவில்லை. கொடிக்கு இந்தப் பக்கம் நின்றே சொன்னேன்.

"நீ எங்கயும் வர வேணாம். பெட்டியும் எங்கயும் போக வேணாம். நான் இங்க வந்துடறேன், வீட்டோட மாப்பிள்ளையா. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்."

அவள் ஈரத் துணியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"அன்னிக்கு, அந்த வருஷம், இதையே நான் கேட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அறுபத்தொரு வயதில் அந்த ஒரு பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இருபத்தேழு வயது ஹேமநாதனை, அன்றைய என்னை, எனக்குத் தெரியும். லாரிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, மீசையை முறுக்கிக்கொண்டு, மாமனார் வீட்டில் போய் இருப்பதா என்று பெட்டியைத் தானே தூக்கி ஆற்றில் எறிந்திருப்பான்.

"வந்திருக்க மாட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள் கிருஷ்ணம்மா. "தெரிஞ்சுதான் பூவத் திரும்ப ஒட்டுனேன்."

முப்பத்து நான்கு வருடமாக என் கல்யாணத்தை ஒரு செத்த பெண் தடுத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். செத்தவள் சரி என்றுதான் சொல்லியிருக்கிறாள். உயிரோடிருந்தவளும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றவன் நான். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டு, வாசலில் நின்று கத்திவிட்டு வந்திருக்கிறேன். அதைத் தெரிந்துகொண்டே ஒருத்தி இருபத்திரண்டு வருடம் என் வண்டியில் ஏறி இறங்கியிருக்கிறாள். மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவளிடம் சொன்னேனா, அவளுக்குப் பக்கத்தில் பார்த்துச் சொன்னேனா, எனக்கே தெரியாது.

அவள் கடைசித் துணியையும் உதறிக் கொடியில் போட்டாள். வாளியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஆவணியில வாங்க. சாமான் நெறையக் கொண்டாராதீங்க" என்றாள். "சின்ன வீடு. ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கோம்."